நடந்தாய் வாழி: கருப்பொருள் குறுக்கெழுத்தை அவிழ்ப்பது எப்படி?

குறுக்கெழுத்துப் புதிரைக் கண்டதும் பக்கத்தைத் திருப்பிவிடுகிறவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: ‘எனக்கு அவ்வளவு வார்த்தை தெரியாதுங்க.’ தமிழ்க் குறுக்கெழுத்துக்கு வார்த்தைக் களஞ்சியம் அப்படியொன்றும் பெரிய தேவை இல்லை. எழுத்தை எண்ணத் தெரிய வேண்டும், ஓர் எழுத்துக்குப் பின்னால் எது வரும், எது வராது என்று தெரிய வேண்டும். புதிருக்கு ஒரு கருப்பொருள் இருந்துவிட்டால் பாதி வேலை அதுவே செய்துவிடும்.

ஏன் இப்படி என்றால், ஆங்கிலப் புதிரில் எழுத்து 26தான். 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் ஆர்தர் வின் வைர வடிவக் கட்டத்தில் வெளியிட்ட முதல் புதிரிலிருந்து இன்றுவரை அவர்கள் சொற்களை நெருக்கிப் பின்னுகிறார்கள். அமெரிக்கக் கட்டங்களில் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு சொல்லுக்குச் சொந்தம். ஒன்று தெரியாவிட்டாலும் குறுக்கே வரும் சொற்கள் காட்டிக்கொடுத்துவிடும். நமக்கு எழுத்து 247. ‘வ’ வேறு, ‘வா’ வேறு, ‘வி’ வேறு. அமராவதியையும் பவானியையும் குறுக்கே போடலாம் என்று பார்த்தால் ஒட்டவே ஒட்டாது. அதனால் தமிழ்க் கட்டத்தில் கறுப்பு அதிகம், சந்திப்புகள் குறைவு. குறுக்குச் சொற்கள் செய்ய வேண்டிய உதவியை இங்கே இலக்கணமும் கருப்பொருளும்தான் செய்கின்றன. இது பிடிபட்டால் மற்றதெல்லாம் பழக்கம்தான்.

வெறுமனே சொன்னால் மனதில் நிற்காது. இந்தக் கட்டுரைக்காகவே ஒரு சின்னப் புதிர் செய்திருக்கிறேன். ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். பேனா வேண்டாம், பென்சில்.

தலைப்பு: ‘நடந்தாய் வாழி’

1 □ 2 □ □ □ ■
□ ■ □ ■ ■ ■ ■
□ ■ 3 □ □ □ □
■ ■ □ ■ ■ ■ ■
4 □ □ 5 □ ■ 6
□ ■ ■ □ ■ ■ □
□ ■ 7 □ □ □ □

இடமிருந்து வலம்
1. தண்ணீர்ப் பாத்திரத்தைத் தள்ளிவிடும் பெயர்கொண்ட தஞ்சைப் பக்கத்து ஆறு (6)
3. வழிவதையெல்லாம் ஏற்றுக்கொள்ளும் இடம், வடக்கே பிரிந்து ஓடும் (5)
4. கோவலனும் கண்ணகியும் வாழ்ந்த துறைமுகம் (5)
7. காலில் தீப்பட்டதால் இந்தப் பெயர் என்பார்கள் (5)

மேலிருந்து கீழ்
1. மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்தால் முந்திக்கொள்ளும் பயிர் (3)
2. மேலணை இருக்கும் ஊர் (5)
4. குரங்கு கையில் கிடைத்தால் இதன் கதி அதோகதி (3)
5. ‘வான்பொய்ப்பினும் தான்பொய்யா’ என்று பட்டினப்பாலை பாடுவது (3)
6. கொடியில் புலி வைத்தவன் (3)

முதலில் எண்ணிக்கை

அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் எத்தனை கட்டம் என்பதைச் சொல்கிறது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். புள்ளி வைத்த மெய்க்குத் தனிக் கட்டம் உண்டு. உயிர்மெய்க்கு எத்தனை துணைக்குறி ஒட்டினாலும் ஒரே கட்டம்தான்: ‘கொ’ எழுதும்போது கொம்பு, க, கால் என்று மூன்று உருவம் வந்தாலும் கட்டம் ஒன்று. கைப்பேசியையோ கணினியையோ நம்பி எண்ணாதீர்கள். ‘கொள்ளிடம்’ என்ற சொல்லை யூனிகோடு குறியீடுகளாக எண்ணினால் ஒன்பது வரும். விரல்விட்டு எண்ணினால் கொ, ள், ளி, ட, ம் என்று ஐந்து. விரல்தான் சரி.

இன்னொன்று. பத்திரிகைப் புதிர்கள் சிலவற்றில் ‘வலமிருந்து இடம்’, ‘கீழிருந்து மேல்’ என்றும் குறிப்புகள் இருக்கும். ‘குழம்பியிருக்கிறது’, ‘கலைந்திருக்கிறது’ என்று போட்டிருந்தால் விடையின் எழுத்துகளை இடம் மாற்றிக் கட்டத்தில் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். என் கட்டத்தில் அந்த வம்பெல்லாம் இல்லை.

பிறகு தலைப்பு

பலரும் தலைப்பைப் படிக்காமலே முதல் குறிப்புக்குத் தாவிவிடுகிறார்கள். கருப்பொருள் புதிரில் தலைப்பும் ஒரு குறிப்பு, சில சமயம் மற்ற எல்லாக் குறிப்புகளையும்விடப் பெரிய குறிப்பு. ‘நடந்தாய் வாழி’ என்றதும் நாக்கு தானாக ‘காவேரி’ என்று முடிக்கும். சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் கடற்கரை மணலில் உட்கார்ந்து யாழை மீட்டிக் கோவலன் பாடுவது.

ஆக, காவிரி. உடனே தாளின் ஓரத்தில் அதைச் சுற்றி நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதிப்போடுங்கள்: குடகு, தலைக்காவிரி, ஒகேனக்கல், மேட்டூர், பவானி, நொய்யல், அமராவதி, திருவரங்கம், கல்லணை, பூம்புகார், பொன்னி, ஆடிப்பெருக்கு, குறுவை, சம்பா, தாளடி. ஒவ்வொன்றுக்கும் எதிரில் எழுத்து எண்ணிக்கை. இரண்டு நிமிட வேலை. இதில் எத்தனை கட்டத்துக்குள் வரும் என்பது முக்கியமில்லை; மனம் அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது, அதுதான் லாபம்.

ஆனால் எல்லா விடையும் கருப்பொருளுக்குள் அடங்காது. கட்டத்தை நிரப்ப ஒன்றிரண்டு வெளிச்சொற்களைச் சேர்க்காமல் எந்தப் புதிராசிரியராலும் முடியாது. இந்தக் கட்டத்தில் அப்படி ஒன்று இருக்கிறது, நாம் தொடங்கப்போவதே அதில்தான்.

கட்டத்துக்குள் இறங்குவோம்

ஒன்றாம் குறிப்பிலிருந்து வரிசையாகப் போக வேண்டும் என்று சட்டம் இல்லை. எல்லாக் குறிப்பையும் ஒருமுறை ஓட்டிப் படித்து, யோசிக்காமல் விடை வருவதைப் பிடியுங்கள். மேலிருந்து கீழ் 4: குரங்கு கையில் பூமாலை. மூன்று எழுத்து, சரி. எழுதுங்கள்.

இப்போது இடமிருந்து வலம் 4 ‘பூ’வில் தொடங்குகிறது. ஐந்து எழுத்து, கோவலன் ஊர், ‘பூ’. பூம்புகார். காவிரிப்பூம்பட்டினம் என்று முதலில் தோன்றியிருக்கலாம், ஆனால் அது ஐந்து கட்டத்தில் எப்படியும் அடங்காது. எண்ணிக்கை ஒரு சல்லடை என்பது இதனால்தான்.

பூம்புகாரின் நான்காவது எழுத்து ‘கா’. அங்கிருந்து கீழே இறங்கும் மூன்றெழுத்துச் சொல் எது என்று சொல்லவே வேண்டாம். ஆனால் கொஞ்சம் நில்லுங்கள். காவிரியா, காவேரியா? இரண்டுக்கும் மூன்று எழுத்து, இரண்டும் ‘கா’வில் தொடங்கி ‘ரி’யில் முடிகின்றன. மாறுகிற நடு எழுத்தின் குறுக்கே எந்தச் சொல்லும் போகவில்லை. கட்டம் கைவிட்டுவிட்டது, குறிப்பைத்தான் கேட்க வேண்டும். தலைப்பு சிலப்பதிகாரத்தினுடையது, அங்கே ‘காவேரி’. குறிப்போ பட்டினப்பாலையைச் சொல்கிறது: ‘வான்பொய்ப்பினும் தான்பொய்யா மலைத்தலைய கடற்காவிரி’. எனவே ‘வி’. நல்ல புதிராசிரியர் குறுக்குச் சொல் இல்லாத எழுத்தில் ஐயம் வரும் என்று தெரிந்தால் குறிப்பிலேயே அதற்கு வழி வைத்திருப்பார். வைக்காதவரைத் திட்டலாம், தப்பில்லை.

காவிரியின் ‘ரி’ கடைசி வரிசையில் இரண்டாம் எழுத்தாக விழுகிறது. காலில் தீ, ‘_ ரி _ _ _’. கரிகாலன். அவன் பெயரின் கடைசி ‘ன்’ மேலிருந்து கீழ் 6-க்கும் கடைசி எழுத்து. இங்கே ஒரு சின்னப் பொறி: சேரனும் மூன்று எழுத்து, ‘ன்’னில்தான் முடிகிறான். ‘ன்’னை வைத்து ஒன்றும் முடிவுசெய்ய முடியாது. சேரனுக்கு வில், பாண்டியனுக்கு மீன், புலி சோழனுக்கு. கருப்பொருளும் காவிரி என்பதால் கண்ணை மூடிக்கொண்டு சோழன் என்று எழுதலாம்.

மேல்பாதிக்கு வருவோம். பூம்புகாரின் ‘பு’தான் மேலிருந்து கீழ் 2-இன் கடைசி எழுத்து: ‘_ _ _ _ பு’. மேலணை எங்கே என்று தெரிந்தவருக்கு முக்கொம்பு உடனே வந்துவிடும். தெரியாதவருக்கு? திருச்சிக்கு மேற்கே காவிரி இரண்டாகப் பிரியும் இடம் என்ற அளவுக்கு நினைவிருந்து, ‘மு’வில் தொடங்கும் ஊர் என்று நெஞ்சில் நிழலாடினால்கூடப் போதும். இங்கேதான் இலக்கணம் கைகொடுக்கிறது.

மெய்யெழுத்துகள் சொல்லும் ரகசியம்

க், ச், த், ப் ஆகிய நான்கும் தனிப் பிறவிகள். தமிழ்ச் சொல்லுக்குள் இவற்றுக்குப் பின்னால் தன் இனம் தவிர வேறு எழுத்து வராது. ‘க்’ இருக்கும் கட்டத்துக்கு அடுத்த கட்டத்தில் க, கா, கி என்று பன்னிரண்டில் ஒன்றுதான். 247 சட்டென்று 12 ஆகிவிட்டது பாருங்கள். ‘மு, க்’ வரை வந்துவிட்டால் மூன்றாம் எழுத்து க வரிசை. அந்த மூன்றாம் எழுத்துதான் இடமிருந்து வலம் 3-இன் முதல் எழுத்து. க வரிசையில் தொடங்கி, வழிவதைக் ‘கொள்ளும் இடம்’... குறிப்பே விடையைப் பிரித்துப் போட்டிருக்கிறது. கொள்ளிடம். இரண்டு சொல்லும் ‘கொ’வில் ஒன்றையொன்று உறுதிசெய்கின்றன.

இதுபோல இன்னும் சில. ‘ங்’ வந்தால் அடுத்து க வரிசை, ‘ஞ்’ வந்தால் பெரும்பாலும் ச வரிசை, ‘ந்’ வந்தால் பெரும்பாலும் த வரிசை. ர், ழ் இரட்டிக்காது. சொல்லின் கடைசிக் கட்டத்தில் வல்லின மெய் நிற்காது. அங்கே மெய் வந்தால் ம், ன், ர், ல், ள் போன்ற ஒன்றாக இருக்கும். சொல்லின் முதல் கட்டத்தில் மெய்யே வராது, ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளும் இயல்பான தமிழ்ச் சொல்லில் வராது. பக்தி, ரயில், டீ, லாரி என்று வந்த சொற்கள் இந்த வேலிகளைத் தாண்டும், அதை மட்டும் நினைவில் வையுங்கள். பள்ளியில் மெய்ம்மயக்கம், மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து என்று மனப்பாடம் செய்து மறந்தது இதுதான். தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்குமேல் தராத பாடம், புதிர்க் கட்டத்தில் நன்றாகச் சம்பாதித்துக் கொடுக்கிறது.

மிச்சம் இரண்டு. மேலிருந்து கீழ் 1-இல் ஒரு பயிர், மூன்று எழுத்து. குறுவை, சம்பா, தாளடி மூன்றுமே மூன்று எழுத்து! டெல்டாக்காரர்களுக்கு ஜூன் 12 என்றதும் தெரிந்துவிடும், மற்றவர்கள் குறுக்குச் சொல்லைப் பிடிக்க வேண்டும். இடமிருந்து வலம் 1: ‘_ _ மு _ _ _’, தண்ணீர்ப் பாத்திரம் குடம், தள்ளிவிடுவது உருட்டுவது. குடமுருட்டி. ‘கு’ வந்துவிட்டது, சம்பாவும் தாளடியும் விலகிவிட்டன.

விடைகளைத் தோண்டுவது

கட்டம் நிரம்பியதும் தாளை மடித்து வைத்துவிடுகிறவர்கள் பாதி விருந்தில் எழுந்து போகிறவர்கள். கருப்பொருள் புதிரின் பெரிய சுகம் அடுத்து வருகிறது. ஒவ்வொரு விடையையும் எடுத்து, ‘ஏன்?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். நிரப்பும்போது தேடாதீர்கள், நிரப்பிய பிறகு தாராளமாகத் தேடுங்கள். பழைய நூல்களுக்கு மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கின்றன. சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இணையத்திலேயே கிடைக்கிறது.

முக்கொம்பையும் கொள்ளிடத்தையும் எடுத்துக்கொள்வோம். காவிரி இங்கே இரண்டாகப் பிரிந்து, வடக்குக் கிளை கொள்ளிடம் ஆகிறது, தெற்குக் கிளை காவிரியாகவே போகிறது. நடுவில் திருவரங்கம் தீவு. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தண்ணீர் அந்தப் பக்கமே சரிந்து போய், காவிரியில் மணல் மேடிட்டுத் தஞ்சைக்கு நீர் குறைந்துகொண்டே வந்தது. அதைத் தடுக்கத்தான் ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்டில் வந்த வெள்ளத்தில் அந்த அணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். ‘கொள்ளும் இடம்’ என்று விளையாட்டாகப் போட்ட குறிப்பு, ஆற்றின் குணத்தையே சொல்கிறது: இன்றும் வெள்ளக் காலத்தில் உபரிநீரைத் திருப்பிவிடுவது அங்கேதான்.

குறுவை ஏன் ஜூன் 12-ஐப் பார்த்துக்கொண்டிருக்கிறது? மேட்டூர் அணை. 1925-இல் தொடங்கி 1934-இல் முடித்தார்கள். நீர்த்தேக்கத்துக்கு அன்றைய சென்னை ஆளுநர் ஸ்டான்லியின் பெயர். முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. போதிய நீர் இருக்கும் ஆண்டில் ஜூன் 12 அன்று மதகு திறப்பது மரபு, இல்லாத ஆண்டில் தேதி தள்ளிப்போகும். குறுகிய காலப் பயிரான குறுவைக்கு அந்தத் தள்ளல் தாங்காது. எனவே இந்தக் குறிப்பில் ‘திறந்தால்’ என்று போட்டேன், ‘திறந்ததும்’ என்று போடவில்லை.

கரிகாலனிடம் கொஞ்சம் கவனமாகப் போக வேண்டும். காலில் தீப்பட்ட கதைக்கு ஆதாரம் கேட்டால் பொருநராற்றுப்படையின் இறுதியில் சேர்ந்திருக்கும் ஒரு வெண்பா இருக்கிறது: ‘கரிகாலன் கால்நெருப் புற்று’ என்று முடியும். கரி என்றால் யானை, யானைகளுக்குக் காலன் என்று விளக்குகிறவர்களும் உண்டு. அதனால்தான் குறிப்பில் ‘என்பார்கள்’. புதிர்க் குறிப்புகளில் என்பார்கள், சொல்வதுண்டு, கருதப்படும் போன்ற வால்களைக் கண்டால் அவற்றைத் தோண்டுங்கள், பெரும்பாலும் அங்கே ஒரு வழக்கு இருக்கும். கல்லணையும் அப்படித்தான். கரிகாலன் கட்டினான் என்று எல்லோரும் சொல்கிறோம். பட்டினப்பாலை அவன் ‘காடு கொன்று நாடாக்கி, குளம் தொட்டு வளம் பெருக்கி’யதைப் பாடுகிறது, அணை கட்டியதைப் பாடவில்லை. காவிரிக்கு அவன் கரை எழுப்பினான் என்ற செய்தியை முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் பார்க்கலாம். அது பதினோராம் நூற்றாண்டு.

பட்டினப்பாலையை எடுத்தவர் 301 அடியையும் படித்துவிட்டுத்தான் கீழே வைக்க வேண்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. இதற்காக அவருக்குப் பதினாறு நூறாயிரம் பொன் கிடைத்ததாகக் கலிங்கத்துப்பரணி சொல்கிறது. துறைமுகக் காட்சியில் ஒரு வரி நம் புதிருக்கே எழுதியது போல இருக்கிறது: கப்பலில் ஏற்றவும் இறக்கவும் குவித்த மூட்டைகளின்மேல் சுங்கக்காரர்கள் புலிச் சின்னத்தைப் பொறித்து வெளியே அனுப்புகிறார்கள். ‘நோன்புலி பொறித்து’. பூம்புகாரும் சோழனும் ஒரே வரியில்! கட்டத்தில் இரண்டும் ஐந்தாம் வரிசையில் ஒரு கறுப்புக் கட்டம் இடைவிட்டு நிற்கின்றன. திட்டமிட்டதில்லை, அமைந்தது.

பூம்புகார் பற்றி நடைமுறைக் குறிப்பு ஒன்று. பழைய புதிர்த் தொகுப்புகளில் ‘நாகப்பட்டினம் மாவட்ட ஊர்’ என்று இருக்கும். 2020-இல் மயிலாடுதுறை தனி மாவட்டமானபின் பூம்புகார் அங்கே போய்விட்டது. மாவட்டம், அமைச்சர், விலை, சாதனை இவற்றை வைத்து எழுதிய குறிப்பைப் பார்த்தால், புதிர் எந்த ஆண்டு வந்தது என்று முதலில் பாருங்கள்.

அடுத்து நீங்களே ஒன்று பின்னிப் பாருங்கள், நாலைந்து சொல் போதும். காவிரியிலேயே மிச்சம் நிறைய இருக்கிறது. கபினியும் பவானியும் ‘னி’யில் முட்டும். கல்லணையைக் கரிகாலனின் ‘க’விலிருந்து கீழே இறக்கலாம். தலைக்காவிரியின் ‘கா’வில் பூம்புகாரை நிறுத்தினால் ஆறு தொடங்கும் இடமும் கடலில் சேரும் இடமும் ஒரே எழுத்தில் சந்திக்கும். ஒகேனக்கல்லை எதோடு சேர்ப்பது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். ‘ஒ’வும் ‘கே’யும் யாரோடும் சேர மறுக்கின்றன.